இரண்டு பேருக்கும் எழுதிய மருந்து

தம்பி,

முந்தாநாள் நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே நீ போனை வைத்துவிட்டாய். அதற்காக எனக்குக் கோபமில்லை. தபால் கந்தோரில் இருந்த காலத்தில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று என்னைத் திட்டாத ஆள் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. அந்தத் திட்டுகளையெல்லாம் வாங்கி ஓய்வூதியமும் எடுத்துவிட்டேன். ஆனால் வைப்பதற்கு முன் நீ சொன்னாயே, "எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, நான் ஏன் மருந்துக் குளிசை குடிக்கோணும்? உது எங்கையிருந்து வந்தது எண்டு அவளைக் கேளுங்கோ அம்மா" என்று. அப்போது உன் மனைவி எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். நீ கத்திய கத்தலுக்கு அவள் போனைக் காதில் வைத்துக் கேட்க வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அதன் பிறகு நான் எடுத்த போன் எதற்கும் நீ பதில் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

இதைப் படம் பிடித்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்புகிறேன், ஒரு பிரதி பத்திரிகைக்கும் போகிறது. உனக்கு மட்டும் அனுப்ப வேண்டியதை ஏன் நாலு பேர் படிக்க அச்சுக்குக் கொடுக்கிறாய் என்று கேட்பாய். எங்களைப் போன்ற வீடுகள் நிறைய இருக்கின்றன. இந்த விஷயத்தைப் பெண்கள் கிணற்றடியில் காதோடு காதாகக் கதைப்பார்கள், ஆண்கள் கதைக்கவே மாட்டார்கள், கடைசியில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவளிடம் கேட்டேன். பெயர் போடாவிட்டால் சரி என்றாள். ஆகவே அவள் பெயரும் இல்லை, உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. ஊர் உரும்பிராய் என்று மட்டும் சொன்னால் யார் வீடென்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இங்கே மகன் கொழும்பிலும் மருமகள் மாமியார் வீட்டிலுமாக இருக்கிற வீடுகள் இருக்கின்றன.

தேர்த் திருவிழாவுக்கு நீ லீவு போட்டுக்கொண்டு வந்ததில் இருந்து தொடங்குகிறேன். கலியாணம் முடிந்து வந்த முதல் திருவிழா. நீ பட்டு வேட்டியெல்லாம் கொண்டுவந்தாய், அவளுக்கும் அதே கரையில் சேலை. அவள் என்ன சொன்னாள்? "எனக்குத் துடக்கு, நான் கோயிலுக்கு வரேல்லை" என்றாள். எங்கள் வீட்டில் மாதத் துடக்கு என்றால் சாமி அறைக்கும் கோயிலுக்கும் போவதில்லை, அவ்வளவுதான். இந்தக் காலத்தில் பாயும் தட்டும் வேறாக வைத்துக்கொண்டு யார் இருக்கிறார்கள்? அவளோ பாயை எடுத்துக்கொண்டு என் அறையில் வந்து படுத்தாள். நீ நின்ற நாளெல்லாம் அப்படித்தான். நீ தனியாகத் தேர் பார்த்துவிட்டு வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தாய். போகிற அன்று பஸ் ஏறும் முன் என்னிடம் கேட்டாய், "போனமுறை வந்தபோதும் துடக்கு எண்டவ. இந்தமுறையும் எண்டிறா. அவவுக்கு என்னைப் பிடிக்கேல்லையோ அம்மா?" என் பிள்ளையின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. எனக்கும் அவள் மேல் கொஞ்சம் கோபம் வந்தது. எங்கள் ஊரில் துடக்கு என்று ஒருத்தி சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்னத்தையும் ஒளிக்கலாம். அவள் ஒளித்தது உன் மேலிருந்த வெறுப்பை அல்ல.

நீ கொழும்புக்குத் திரும்பிய அதே கிழமை அப்பா தோட்டத்தில் மண்வெட்டியைக் காலில் போட்டுக்கொண்டார். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டும்போது பக்கத்துத் தோட்டக்காரரோடு அரசியல் கதைத்தால் அப்படித்தான் நடக்கும். காயம் கழுவக் கிருமிநாசினியைத் தேடினால் போத்தல் காலி. புதிதாக வாங்கிய போத்தல். யார் முடித்தது என்று கேட்டேன், அப்பா கையை விரித்தார், அவள் குனிந்துகொண்டு நின்றாள். துணி தேடி அவள் அறைக்குள் போனேன். அலுமாரிக்குப் பின்னால், சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டி, அதில் அவளுடைய உள்ளுடுப்புகளைப் போட்டு, மேலே ஒரு துவாயால் மூடியிருந்தாள். ஈரம் காயாமல் ஒரு பூஞ்சண வாடை. வெளியே வெயில் கொளுத்துகிறது, முற்றத்தில் கொடி கட்டிக் கிடக்கிறது, இவள் இருட்டுக்குள் காயப் போட்டிருக்கிறாள். அப்பாவின் காலுக்குக் கட்டுப் போட்டு அவரைச் சாய்மனைக் கதிரையில் இருத்திவிட்டு அவளைக் குசினிக்குள் கூப்பிட்டேன்.

"என்ன பிள்ளை செய்யுது உனக்கு?"

"ஒண்டுமில்லை மாமி."

"ஒண்டுமில்லாததுக்கோ ஒரு போத்தல் முடிஞ்சது?"

அழத் தொடங்கிவிட்டாள். பிறகுதான் வார்த்தை வந்தது. "வெள்ளை படுகுது மாமி. முந்தியும் படுறதுதான், இது வேறை மாதிரி. மஞ்சளாப் பச்சையா, நுரை மாதிரி. மணக்குது. கடி, அரிப்புத் தாங்கேலாது, சலம் போனாலும் எரியுது. இவர் பக்கத்திலை வந்தால் மணம் தெரிஞ்சிடும் எண்டு பயம். உடம்பு ஒரே அசுத்தமாக் கிடக்கு, எப்பிடிக் கோயிலுக்கு வாறது?" அவள் தாய்க்குப் போனில் சொல்லியிருக்கிறாள். தாய் பாவம், தன் தாய் சொன்னதைச் சொல்லியிருக்கிறா: உடம்புச் சூடு, நண்டும் முருங்கைக்காயும் சேர்க்காதே, வெந்தயம் ஊறவைத்துக் குடி, வேப்பிலை அவித்த தண்ணீரில் கழுவு. இவள் வேப்பிலைத் தண்ணீரோடு நிற்காமல் கிருமிநாசினியையும் கலந்து காலையும் மாலையும் உள்ளே வரைக்கும் கழுவியிருக்கிறாள். எரிவு கூடக் கூட இன்னும் கழுவியிருக்கிறாள். அதையெல்லாம் விட ஒரு பயம் அவளைத் தின்றுகொண்டிருந்தது. "உடம்பு உருகித்தான் வெள்ளையாப் போகுதெண்டு சொல்லுவினம். எனக்குப் பிள்ளை தங்காதோ மாமி?" என்றாள். படித்த பிள்ளை, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற பிள்ளை. பயம் வந்தால் படிப்பு என்ன செய்யும், தம்பி.

அப்போது எனக்கு உன் பெரியம்மாவின் நினைவு வந்தது. உனக்கு அந்தக் கதையை நாங்கள் சரியாகச் சொல்லவில்லை. நீ ஏ.எல். பரீட்சை எடுத்துக்கொண்டிருந்த வருடம், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற என் அக்கா திடீரென்று போகாமல் விட்டா. கோயில் மனேச்சரோடு அன்னதான விஷயத்தில் வாய்த்தர்க்கம் நடந்தது எல்லோருக்கும் தெரியும், அந்தக் கோபம் என்று நினைத்தோம். அப்பா போய் மனேச்சரிடம் நியாயம் கேட்டுவிட்டு வந்தார். அந்த மனிசன் பாவம், ஒன்றும் விளங்காமல் முழித்தது. உண்மை என்னவென்றால், மாதவிலக்கு நின்று வருடக்கணக்கான பிறகு அக்காவுக்குத் தண்ணீர் மாதிரி, இளஞ்சிவப்பாகப் பட்டிருக்கிறது. மறுபடி துடக்கு வந்துவிட்டது, இந்த வயதில் வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சாமி அறைக் கதவைச் சாத்திவிட்டு இருந்துவிட்டா. வயிற்றுக்குத்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கர்ப்பப்பை வாசலில் தொடங்கிய புற்றுநோய் வெகுதூரம் போயிருந்தது. கட்டி என்று மட்டும் உனக்குச் சொன்னோம். செத்த வீட்டில் எல்லோரும் அக்காவின் பக்தியைப் பற்றிக் கதைத்தார்கள். அக்கா எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் அடுத்த வளவு வீட்டில்தானே இருந்தேன்.

ஆகவே இவளை நான் விடவில்லை. அடுத்த நாளே பெண்களைப் பார்க்கிற ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பெண் டொக்டர், கடுகடுத்த முகம், ஆனால் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தாமல் விளக்குகிற ஆள். இவள் வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். டொக்டர் முதலில் கேட்டது, "உள்ளை கழுவிறனீங்களோ?" ஓம் என்றதும் தலையில் கை வைத்தா. "வாய்க்கு எச்சில் மாதிரித்தான் அந்த இடத்துக்கு இந்த ஈரம். அது தன்னைத் தானே துப்புரவாக்கும். நீங்கள் உதுகளை ஊத்திக் கழுவினால் அங்கை இருக்கிற நல்ல கிருமியெல்லாம் செத்துப்போம். வெளியிலை வெறும் தண்ணி காணும்" என்றா.

அந்தப் பின்னேரம் நான் படித்ததை உனக்கும் சொல்கிறேன். நாளைக்கு உனக்கொரு பெண் பிள்ளை பிறந்தால் அவளுக்கும் தேவைப்படும். வெள்ளை படுவது நோய் இல்லை, உடம்பில் ஒன்றும் உருகவில்லை. வயது வந்த எல்லாப் பெண்களுக்கும் படும். தெளிவாக, அல்லது பால் நிறத்தில், பெரிய மணமில்லாமல் இருக்கும். மாதத்தின் நடுவில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும், பிறகு தடித்துவிடும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கூடும். நீ வயிற்றில் இருந்தபோது எனக்குப் பட்ட அளவைப் பார்த்து, பன்னீர்க்குடம்தான் உடைந்துவிட்டது என்று அப்பா லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தைக் கிளப்பிவிட்டார், வழியெல்லாம் குலுக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தோம். ஒவ்வொருத்திக்கும் ஒரு வழமை உண்டு. அந்த வழமை மாறினால்தான் கவனிக்க வேண்டும். தயிர் திரண்ட மாதிரி வந்து கடித்தால் அது பெரும்பாலும் ஒரு பூஞ்சணம், நீரிழிவுக்காரருக்கும் வேறு வருத்தத்துக்கு அன்ரிபயோட்டிக் குடித்தவர்களுக்கும் அடிக்கடி வரும். சாம்பல் நிறத்தில் மீன் மணம் மணந்தால் அங்கே இருக்கும் கிருமிகளின் சமநிலை குழம்பிவிட்டது என்று அர்த்தம். இவை பொதுவாகப் புருஷனிடமிருந்து வருகிற வியாதிகளும் இல்லை. பச்சை மஞ்சளாக நுரைத்து வந்தாலோ, எரிந்தாலோ, புண் பட்டாலோ டொக்டரிடம் போக வேண்டும். அடிவயிறு நொந்து காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும். மாதவிலக்கு இல்லாத நாளில் இரத்தம் கலந்து பட்டாலும், புருஷனோடு சேர்ந்த பிறகு இரத்தம் பட்டாலும், பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஏதும் மாறினாலும் தாமதிக்கக் கூடாது. மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் கண்டாலும் உடனே காட்ட வேண்டும், அக்காவைப் போல் சாமி அறையைச் சாத்திக்கொண்டு இருக்கக் கூடாது. பார்த்தவுடன் எது என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது என்றும் டொக்டர் சொன்னா. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்த குளிசையைப் பாமசியில் கேட்டு வாங்கிப் போடுகிறவர்களைப் பற்றிக் கதைக்கும்போது அவவின் முகம் இன்னும் கடுத்தது.

பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினா. முடிவு வரக் கொஞ்ச நாள் எடுத்தது. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணியாம். ரைக்கோமோனாஸ் என்று பெயர். குளிசை குடித்தால் சுகமாகி மாறிவிடும், பிள்ளை பெறுவதற்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னதும் இவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனால் அது ஆண் பெண் சேர்க்கையால் தொற்றுகிறது. "இரண்டு பேரும் குடிக்கோணும். ஒராள் குடிச்சு மற்ற ஆள் குடிக்காட்டில் திரும்ப வரும். இரண்டு பேருக்கும் மாறும்வரை சேரக் கூடாது. வேறை ஏதும் தொற்று இருக்கோ எண்டு இரண்டு பேரும் சோதிச்சுப் பார்க்கிறது நல்லது" என்றா. மலர்ந்த முகம் அப்படியே வாடிவிட்டது. டொக்டருக்கு அது விளங்கியது. பேனையை வைத்துவிட்டுச் சொன்னா: "ஆர் ஆருக்குக் குடுத்தது எண்டு தேடாதேங்கோ. இது கனகாலம் ஒரு சத்தமும் இல்லாமல் உடம்பிலை கிடக்கும். ஆம்பிளையளுக்கு அநேகமா ஒண்டும் தெரியாது. எப்ப வந்ததெண்டு நானும் சொல்லேலாது, ஒரு பரிசோதனையும் சொல்லாது."

தம்பி, உனக்கு ஒரு வருத்தமும் தெரியவில்லை என்பதால் உனக்கு ஒன்றுமில்லை என்று ஆகாது. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது உனக்கு வயிற்றுப் பூச்சி வந்து இருக்க முடியாமல் நெளிந்து திரிந்தாய். டொக்டர் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பூச்சிக் குளிசை தந்தார். அப்பா தோட்டத்தால் வந்து, கை கழுவி, குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, "இரவைக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டார். யாருடைய பூச்சி என்று அந்த மனிசன் கேட்கவில்லை. இதுவும் அதுவும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியில் எவ்வளவு நோவு இருக்கிறது என்றும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தால் அது உன் பக்கமும் திரும்பும். கலியாணத்துக்கு முன் நீ கட்டார் நாட்டில் வேலை செய்துகொண்டு எத்தனையோ காலம் தனியாக இருந்தாய். அங்கே எப்படி இருந்தாய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன். அவளும் கேட்கவில்லை. இந்த முடிவு வந்த அன்றுகூட, அவள் வாயில் வந்த முதல் பேச்சு, "இவருக்கும் ஏதும் செய்துதோ தெரியாது மாமி, சொல்லாமல் இருக்கிறாரோ?" என்பதுதான். உன்னைச் சந்தேகிக்கத் தெரியாத ஒருத்தியை நீ சந்தேகிக்கிறாய். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நீ கெட்டவன் இல்லை. நான் பெற்ற பிள்ளையை எனக்குத் தெரியும். அவள் உன்னை வெறுக்கிறாள் என்று நினைத்து ஒரு மாதம் வெந்திருக்கிறாய். அதற்கு மேல் நான் போன் எடுத்து இப்படி ஒரு கதையைச் சொன்னால் யாருக்கும் தலை சுற்றும். தாய் வந்து இதைச் சொல்கிறாளே என்ற வெட்கமும் உனக்கு இருந்திருக்கும். எனக்கு மட்டும் அது இல்லை என்றா நினைக்கிறாய்? போனைக் கையில் எடுத்து வைத்து, எடுத்து வைத்து, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னேன். உன் வெட்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த வெட்கத்தைக் கோபமாக்கி அவள் தலையில் போட்டாயே, அதோடுதான் சண்டை.

இப்போது இங்கே நடப்பதைச் சொல்கிறேன். அவளுடைய குளிசை மேசையில் உடைக்காமல் இருக்கிறது. நீ கத்திய பிறகு அவள் அதைத் தொடவில்லை. நான் டொக்டரிடம் கேட்டேன். புருஷன் குடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், அவ உடனே தொடங்கட்டும் என்றா. கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். "தனியக் குடிச்சால் பிழை என்ரை எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி மாமி" என்கிறாள். கடியில் நித்திரை இல்லாமல் கண் குழிந்துபோய்ப் பள்ளிக்கூடம் போய் வருகிறாள். அவள் செய்வது சரியென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிடிவாதத்தை அவளுக்குக் கொடுத்தது நீதான். அப்பாவுக்கு நான் விவரம் சொல்லவில்லை. அவர் எப்படியோ ஏதோ மோப்பம் பிடித்துக்கொண்டு, "உன்ரை மோனுக்கு நாக்கு நீளம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

நீ செய்ய வேண்டியது பெரிய மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. கொழும்பில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே கிளினிக் இருக்கிறது, விஷயத்தை வெளியே விடமாட்டார்கள். அவளுக்கு எழுதிய மருந்துத் துண்டைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், அதைக் காட்டு. அதைப் பார்த்து நீயாகவே பாமசியில் வாங்கிப் போடாதே, உன்னையும் பார்க்கட்டும். தந்த குளிசையை முழுவதும் முடி. எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே என்று பாதியில் விடாதே. குடிக்கிற நாட்களில் சாராயம், பியர் ஒன்றும் கூடாதாம். உன் கூட்டாளிகளிடம் விரதம் என்று சொல், நம்பமாட்டார்கள், சொல்லிப் பார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் உடுப்பிட்டிக்குத் தாய் வீட்டுக்குப் போகிறாளாம். கொஞ்ச நாள் நின்றுவிட்டு வாறன் என்று சொல்லுகிறாள். பெட்டியில் பள்ளிக்கூடச் சேலைகள் எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறாள், கொஞ்ச நாள் நிற்கப் போகிற பெண் அப்படி அடுக்கமாட்டாள். நான் தடுக்கப் போவதில்லை. அதற்கு முன் நீ அவளுக்குப் போன் எடுத்தால் நல்லது. எடுக்காவிட்டால் நானே ஓட்டோ பிடித்து அவளோடு போவேன். அந்தத் தாய் என்னைக் கேட்பா, ஏன் என்ரை பிள்ளை இப்பிடி வந்து நிக்கிறாள் என்று. நான் பொய் சொல்லமாட்டேன். உங்கள் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை, குளிசை குடிக்கப் பயந்தது என் மகன்தான் என்று சம்பந்தி வீட்டு முற்றத்தில் நின்று சொல்லுவேன்.

அதை என் வாயால் சொல்ல வைக்காதே, ராசா.

அம்மா